புளியங்கட்டை

போன தீபாவளிக்கு அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து போடிக்குத் தன் மகிந்திரா தாரில் வந்து இறங்கினான். இறங்கினான் என்பது சரியான சொல்தான். அந்த வண்டியிலிருந்து யாரும் சும்மா வெளியே வந்துவிட முடியாது, இறங்கத்தான் வேண்டும். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷத்தில் கம்பெனி மாட்டிக் கொடுத்ததில் கால்வாசியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டியிருந்தான். வாசலில் நிறுத்தியபோது வண்டிக்கு அடியில் எதிர்வீட்டுத் திண்ணை முழுசாகத் தெரிந்தது. அதில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியின் கால்களும் தெரிந்தன.

"அம்மாச்சி, வாங்க. போடிமெட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்."

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்தாகிவிட்டது. கதவுக்குக் கீழே கால் வைக்கக் கம்பெனி கொடுத்திருந்த படியைப் பையன் கழற்றி வீட்டில் வைத்துவிட்டானாம். கல்லில் இடிக்குமாம்.

"எந்தக் கல்லுல?" என்றாள் அம்மா.

அவன் பதில் சொல்லவில்லை. அம்மா ஒரு கையால் கதவையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்து மூன்று தடவை எம்பிப் பார்த்தாள். மூன்றாவது எம்பலில் என் தோள்தான் இறங்கியது. கடைசியில் அவளே, "அடுப்படியில கெடக்குற மனையக் கொண்டாடா" என்றாள்.

மனை என்றால், அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது அம்மா உட்காரும் குட்டை மனை. இரண்டு புளியங்கட்டைகளை அருகருகே வைத்து மேலே ஒரு பலகையை அடித்தது. முப்பது வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. தூக்கி வந்த பையன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

"இது எதுக்கு மாமா ஓட்டை?"

"பழைய மரம்டா. ஏதாவது நிலையில அடிச்சுக் கழட்டுனதா இருக்கும்" என்றேன்.

பொய். அந்தத் துளையை 1994-இல் நான்தான் போட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனை மேல் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். நான் மனையை அவசரமாக எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து பின்சீட்டில் ஏறினேன்.

அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது. 1988-இல் மூன்றாவது கையாக வாங்கியது. மகிந்திராவின் பழைய சி.ஜே. ரகம். பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிவிட்டு யாரோ டீசல் இஞ்சின் வைத்திருந்தார்கள். யார் வைத்தார்கள், எந்த வண்டியின் இஞ்சின் என்பதில் மேஸ்திரிக்கு மேஸ்திரி அபிப்பிராயம் மாறும். விடிகாலை 5 மணிக்குப் போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, கக்கத்தில் மழைக்கு ஒரு கொங்காணி.

ஆர்.சி. புத்தகத்தில் எட்டுப் பேர். ஏறுகிறவர்கள் பதினாறு பேர். ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தாலும் 800 கிலோ. தூக்குச்சட்டிச் சோறு தனி. அந்தப் பாரத்தில் ஜீப்பின் பின்பக்கம் படுத்துவிடும். பின்பக்கம் படுத்தால் முன்பக்கம் தூக்கும். முன்பக்கம் தூக்கினால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அதனால் எங்கள் ஊர் ஜீப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் பட்டை ஏற்றுவார்கள். பட்டை என்பது வில்லுப்பட்டை. வில்வண்டி என்று பெரிய வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போனார்களே, அதில் இருந்த அதே வில்தான் ஜீப்பிலும். நீளத்தில் ஒன்றைவிட ஒன்று குறைந்த பல இரும்புப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட்டால் கோர்த்து, சக்கர அச்சின் கூடான ஹவுசிங்கோடு யூ போல்ட் போட்டு இறுக்கியது. அதில் எல்லாவற்றிலும் நீளமான முதல் பட்டைக்கு மட்டும் இரண்டு முனையிலும் சுருட்டிய கண் இருக்கும். அந்தக் கண்ணில்தான் முழு ஜீப்பும் தொங்குகிறது.

கூடுதல் பட்டையை யாரும் கடையில் வாங்குவதில்லை. லாரிப் பட்டை உதவாது, அகலம் அதிகம்; ஜீப் பட்டை ஒன்றே முக்கால் அங்குலம்தான். காயலான் கடையில் செத்த ஜீப்பின் முதல் பட்டையைத் தேடி எடுத்து, இரண்டு கண்ணையும் அறுத்துவிட்டு, உயிரோடிருக்கும் ஜீப்பின் முதல் பட்டைக்கு அடுத்ததாகச் சொருக வேண்டும். இதுதான் வைத்தியம். பக்கத்துக்கு ஒன்று சொருகினால் ஒன்றரை அங்குலம் போல எழும்பும். அப்பா பக்கத்துக்கு இரண்டு சொருகினார்.

இதன் பலன், காலி ஜீப் முட்டப் போகிற கிடா மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஊரில் அதற்குப் பெயர் 'குண்டிதூக்கி'. ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அக்காவையும் அதில் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனால், ஒரு சின்னக் குழி விழுந்தாலும் நாங்கள் இருவரும் கூரைத் துணியில் தலை முட்டிவிட்டு உட்காருவோம். நாற்பது கிலோ, முப்பது கிலோவெல்லாம் அந்தப் பட்டைகளுக்குக் கணக்கே இல்லை. அது ஆள் சுமக்கச் செய்யப்பட்ட வில் இல்லை, ஆட்களைச் சுமக்கச் செய்யப்பட்டது.

ஆனால் திங்கட்கிழமை காலையில் பார்க்க வேண்டும். அப்பா தலையை எண்ண மாட்டார். வண்டிக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளிப் போய் நின்று, பீடியைப் பற்றவைத்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். பின்பக்கம் இன்னும் தூக்கியிருந்தால் ஆள் பாக்கி. மட்டமாக நின்றால் பதினாறு. படுத்திருந்தால் யாரோ கணக்குக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். "எவ அது பதினேழு?" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்பார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வரும். யாரும் இறங்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கே இனிக்கிறது. அதனால் உடனே சொல்லிவிடுகிறேன்: அது கெட்ட பழக்கம். பாரம் ஏற ஏறப் பட்டையைச் சேர்த்துக்கொண்டே போனோமே தவிர, பிரேக்கை யாரும் சேர்க்கவில்லை. இறக்கத்தில் பதினாறு பேரையும் முன்பக்கம் தள்ளிக்கொண்டு வரும் அந்த ஜீப்பை நிறுத்தியது பாதி பிரேக், பாதி செகண்ட் கியர். சனிக்கிழமைகளில் கிளீனராகப் பின்னால் தொங்கிக்கொண்டு போவேன். என் வேலை, வண்டி நின்றதும் குதித்து டயருக்கு முட்டுக் கொடுப்பது. வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வது வேலையில் சேர்த்தியில்லை, அதையும் செய்தேன். மலைப்பாதையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி எங்கள் பக்கத்துப் பேப்பர்களில் இன்றைக்கும் அவ்வப்போது வருகிறது. ஒவ்வொரு முறையும் அம்மா அதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒரு தடவை, பட்டை சேர்ப்பதைவிட இருக்கிற பட்டையையே நன்றாக வளைத்தால் காசு மிச்சம் என்று யாரோ அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள். யோசனை தப்பில்லை. படுத்துப்போன பட்டைக்கு வளைவு ஏற்றினால் வண்டி எழும்பத்தான் செய்யும். ஆனால் அதைப் பச்சையாக, சூடு காட்டாமல், இடம் மாற்றி இடம் மாற்றிச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற வேண்டும். எங்கள் தெரு ஆசாரிக்கு அருவாள் அடித்த கை. அவர் எல்லாப் பட்டைகளையும் உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சி, அழகாக வளைத்து, தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார். சொய்ங் என்ற அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வில்லாக இருந்த இரும்பு அந்தச் சத்தத்தோடு கண்ணாடியாகிவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள் காலை, ஒன்பதாவது வளைவில் தெரிந்தது. 'டப்' என்று ஒரே சத்தம். துப்பாக்கி சுட்ட மாதிரி. ஜீப் இடதுபக்கம் சாய்ந்து, சக்கரம் மட்கார்டில் உரசி, நின்றுவிட்டது. முதல் பட்டை கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி, பிஸ்கட் மாதிரி முறிந்திருந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது. யாரும் சொல்லாமலே பதினாறு பேரும் இறங்கித் தூக்குச்சட்டியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா ஹவுசிங்கைச் சேஸோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, சந்தில் ஒரு மரத்துண்டைத் திணித்து, காலி ஜீப்பை ஊர்ந்தபடி ஏற்றினார். முன்னால் பெண்கள், பின்னால் ஜீப், ஊர்வலம் மாதிரி. அதில் ஒரு அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணே, நடக்குறது நாங்கதான்னா ஜீப்பு எதுக்கு, தொணைக்கா?"

ஆசாரி மேல் அப்பாவுக்குக் கோபமே இல்லை. முறிந்த துண்டுகளை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் பக்கம் வில்லுப்பட்டைக்கு மறுபிறவி உண்டு. திருப்பாச்சேத்தி அருவாளில் தொடங்கித் தேங்காய் உரிக்கும் பாரை வரை, நல்ல இரும்பு என்றால் வண்டிப் பட்டைதான். அம்மாவின் அரிவாள்மனை அந்த முதல் பட்டையிலிருந்து வந்தது. இந்தத் தடவை அவர் செய்தது அவருக்குத் தெரிந்த வேலை. முப்பது வருஷமாகக் கூர் மழுங்கவில்லை.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். வண்டியைக் காட்டப் போவதற்கு முதல் நாள் ராத்திரி, சொருகிய பட்டைகளைக் கழற்றிவிடுவோம். காலையில் ஜீப் குனிந்த தலை நிமிராத மாப்பிள்ளை மாதிரி அடக்கமாகப் போய் நிற்கும். சாயங்காலம் வந்ததும் மறுபடி ஏற்றிவிடுவோம். ஒரு வருஷம் வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் வயதானவர். குனிந்து, பட்டை அடுக்கில் ஒரு விரலை வைத்து இழுத்தார். பட்டைகளின் ஓரமெல்லாம் துருவும் சேறும். பட்டையும் பட்டையும் உரசி உரசி வெள்ளிபோல மின்னிய இடம் மட்டும் வெளியே தெரிந்தது. விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேர் இன்னைக்கு லீவு போல." அப்பா மட்டும் சிரித்தார். அந்தத் தடவை வண்டி பாஸாகவில்லை.

இப்போது 1994-க்கு வருகிறேன். எனக்குப் பதினெட்டு வயது. மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அமெரிக்கக் கார் பத்திரிகை ஒன்று ஐந்து ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் யூட்டா மாநிலத்து மோவாப் என்ற ஊர். 1967-இலிருந்து வருஷா வருஷம் ஈஸ்டர் சமயத்தில் அங்கே ஜீப்பாகக் கூடிச் செம்பாறைகளின் மேல் ஏற்றி இறக்குகிறார்களாம். அதுவும் எங்கள் ஜீப்தான். அதே மூஞ்சி, அதே பட்டை. ஆனால் மார்பளவு உயரத்தில் நின்றது. உள்ளே ஒரே ஒரு ஆள், தொப்பி வைத்துக்கொண்டு. ஒரு ஆளுக்காக ஒரு ஜீப்பை இவ்வளவு தூக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. தூக்குச்சட்டி இல்லாத ஜீப்பை நான் அதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை.

அதே பத்திரிகையில் உயரம் கூட்ட எளிய வழி என்று ஒரு படம் போட்டிருந்தது. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு கட்டை. அவ்வளவுதான். நாலு அங்குலக் கட்டை வைத்தால் நாலு அங்குல உயரம்; சேர்க்கவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். பதினெட்டு வயதில் இதைவிடத் தெளிவான அறிவியலை நான் பார்த்ததில்லை. அப்பா திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மரக்கடையில் புளியங்கட்டை வாங்கி, நாலு அங்குல உயரம், நாலு அங்குல அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு அறுத்தேன். பட்டை அகலம் ஒன்றே முக்கால்தானே என்று கேட்கலாம்; பலம் வேண்டும் என்று நானே கூட்டிக்கொண்டேன். சென்டர் போல்ட்டின் தலை உட்கார நடுவில் துளை. லேத்தில் நீளமான யூ போல்ட் செய்து வாங்கினேன். நண்பர்கள் இரண்டு பேர் ஜாக் அடித்தார்கள். நான் அடியில் படுத்து, முதுகெல்லாம் கிரீஸாக, மத்தியானம் முழுக்க மாட்டி முறுக்கினேன்.

பிறகு ஜாக்கை இறக்கினோம். ஜீப் இறங்கியது. இன்னும் இறங்கியது. நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல், பழைய உயரத்தையும் தாண்டி, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி நிதானமாக இறங்கிக்கொண்டே போய், ஹவுசிங் சேஸின் ரப்பரில் போய் 'தொப்' என்று முட்டி உட்கார்ந்தது. 'குண்டிதூக்கி' வாழ்க்கையில் முதல் தடவையாகக் குண்டியைத் தரையில் வைத்தது.

காரணம் சொல்ல ஒரு வரி போதும். பத்திரிகைப் படத்து வண்டியில் பட்டை ஹவுசிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஜீப்பில் பட்டை ஹவுசிங்குக்குக் கீழே தொங்கும். மேலே இருப்பதற்கு நடுவில் கட்டை வைத்தால் வண்டி ஏறும். கீழே இருப்பதற்கு வைத்தால் இறங்கும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவன் நான். ஒரு நாள்கூட எது மேலே எது கீழே என்று பார்த்ததில்லை.

அப்பா ராத்திரி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "பரவாயில்ல. படிச்சவன் செய்யுற வேலைதான்." நான் அப்போது காலேஜில் முதல் வருஷம். மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பழையபடி மாற்றினார்கள். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, தூக்கணும்னா பட்டையவே ஹவுசிங்குக்கு மேல மாத்தி வெல்டு வைக்கலாம். ஒரு கட்டையும் வேணாம், அஞ்சு அங்குலம் வரும்" என்றார். என் கண் விரிவதைப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார்: "சின்னமனூர்ல ஒருத்தருக்கு மாத்திக் குடுத்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தா நின்னுச்சு. மாசத்துக்கு ஒரு கிராஸ் ஜாயின்ட் சாப்பிடுது. பிரேக் பண்ணுனா ஸ்டியரிங் சாமியாடுது. ஆனா உசரம்னா உசரம்."

புளியங்கட்டைகளை அப்பா எரிக்க விடவில்லை. நல்ல மரம், காசு கொடுத்து வாங்கியது என்றார். பலகையை அடித்தது அவர்தான். துளைகள் அடிப்பக்கம் இருக்கும்படி அடித்தார். அது என் மேல் வைத்த கருணை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். துளை மேலே இருந்தால் பலகைக்கு அடிக்கிற ஆணி பிடிக்காது என்பதுதான் காரணம் என்று அம்மா பிறகு சொன்னாள்.

தார் இப்போது இரண்டாவது வளைவு ஏறிக்கொண்டிருந்தது. பையன் தன் வண்டிக்குச் செய்திருப்பதை எனக்கு விளக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய 2020-க்குப் பிந்தைய தாரில் பட்டையே கிடையாது. நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். கம்பெனியே 226 மில்லிமீட்டர் உயரம் கொடுத்துத்தான் அனுப்புகிறது. அது போதாது என்று காயிலுக்கு மேலே ஒரு ஸ்பேசர். பாலியூரித்தேன். கறுப்பாக, வட்டமாக, மூன்று போல்ட்டோடு. அதோடு 33 அங்குல டயர். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அப்பா ஜீப்பை விற்றபோது கிடைத்தது அதில் பாதிகூட இல்லை.

"ஸ்பேசர்னா என்னடா?"

"ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் நடுவுல வைக்கிற பீஸ் மாமா. ரெண்டு இஞ்ச் தூக்கும்."

கட்டை. கறுப்புச் சாயம் பூசிய புளியங்கட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சரியான பக்கம் வைத்திருக்கிறான், அதுவே என்னைவிட ஒரு படி மேல்.

ஆனால் ஒன்றைக் கேட்டேன். பின்னால் ஹவுசிங்கின் நடுவில் தொங்குகிற கிரவுன் உருண்டை எவ்வளவு எழும்பியிருக்கிறது? அவன் யோசித்தான். ஸ்பேசர் பாடியைத்தான் தூக்கும். ஹவுசிங் சக்கரத்தோடு போகிறது; சக்கரம் எழும்பாமல் அது எழும்பாது. கம்பெனி டயர் சுமார் 31 அங்குலம், இவன் போட்டது 33. விட்டத்தில் இரண்டு கூடினால் ஆரத்தில் ஒன்றுதான் கூடும். ஒன்றரை லட்சத்துக்கு, பாறை முதலில் தட்டுகிற இடம் ஒரு அங்குலம் எழும்பியிருக்கிறது. அதுவும் டயர் செய்த உபகாரம். ஸ்பேசர் பெரிய டயருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றதுதான். சின்னமனூர்க்காரரின் வியாதியும் விடவில்லை. முன்பக்கம் தூக்கியதில் டிரைவ் ஷாஃப்ட் சரிவாக நின்று, அதன் ரப்பர் உறை மூன்று மாதத்தில் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே. அங்கே கிராஸ், இங்கே சி.வி. ஜாயின்ட். ஸ்பீடாமீட்டருக்கும் பெரிய டயர் பற்றித் தகவல் போகவில்லை. அது அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து நாலில் போகிறது.

சட்டம் பற்றி அவனுக்கே தெரிந்திருந்தது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அப்பா காலத்திலேயே இருந்ததுதான். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், உரிமையாளரே மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வந்தது. மாற்றம் ஒன்றுக்கு என்பதை அவன் விரல் விட்டு எண்ணினான்: ஸ்பேசர், டயர், பம்பர், மேலே விளக்கு. இருபதாயிரம். "பட்ஜெட்ல வச்சிருக்கேன் மாமா" என்றான். அப்பா ஒரு ராத்திரி முழுக்க முழித்திருந்து ஒளித்ததை இவன் பட்ஜெட்டில் வைத்திருக்கிறான்.

அவனுடைய உண்மையான குறை வேறு. ரோடு. போடிமெட்டு ஏறும் ரோடு நன்றாக இருக்கிறது. மெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரை தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தி 2024-இல் திறந்தும் விட்டார்கள். அப்பாவின் ஜீப் சேற்றில் புதைந்து, பதினாறு பெண்களும் இறங்கித் தள்ளிய இடத்திலெல்லாம் இன்று வெள்ளைக்கோடு போட்டிருக்கிறது. இந்த வண்டிக்குத் தகுந்த கெட்ட ரோடு கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறதாம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஜே.சி.பி. விட்டுக் குழி வெட்டி, தண்ணீர் லாரி கொண்டுவந்து சேறு பண்ணி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காசு கட்டி அதில் இறங்கி ஏறுகிறார்கள். குலுங்குவதற்கே காசு கொடுக்கிற காலம் இது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியும் முன்னே ஜீப்பில் போகிறவர்களைப் பாருங்கள்: எலும்பு கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். எலும்பு கழன்றது என்று எங்கள் ஜீப்பிலிருந்து இறங்கியவர்களும் சொன்னார்கள். அவர்கள் அதற்குப் பிறகு நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் பறிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது வளைவில் அம்மா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். நானும் திருப்பினேன். பையன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

மெட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். சாயங்காலம் நாலரை மணி. தோட்டத்து ஜீப்புகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்று டீக்கு நின்றது. பழைய மகிந்திரா கமாண்டர். பின்பட்டை அடுக்கைப் பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தேன். பாரத்தோடு மட்டமாக நின்றது. உள்ளே எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பையன் அதைப் போட்டோ எடுத்தான். அந்த டிரைவர் தாரை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு, மரியாதையாக ஒன்றும் கேட்காமல் டீக்குப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் குதித்து இறங்கினோம். கதவைத் திறந்துவிட்டு அம்மாவைப் பார்த்தால், அவள் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தரை ரொம்பத் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனையை நான் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டோம். இருந்ததில் ஒன்று மூன்று காலில் நின்றது, அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும், இங்கயே குடுங்க" என்றாள். டீயை நான் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தேன். அம்பாரி மேலிருந்து பார்க்கிற மாதிரி, மேற்கே இறங்குகிற பனியைப் பார்த்துக்கொண்டே அம்மா நிதானமாகக் குடித்தாள்.

பையனுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"அம்மாச்சி, அடுத்த தடவ அந்த மனைய வண்டியிலேயே வச்சிருவோம்."

"வேணாம்ப்பா" என்றாள் அம்மா, காலி கிளாஸை என்னிடம் நீட்டியபடி. "அதை வச்ச வண்டி கீழ போயிரும். உன் மாமனைக் கேளு."